ஜெயசீலிக்குக் கொடுத்த பக்கம்

எந்தப் பக்கம் பேச விருப்பம் என்று ஜெயசீலியிடம் யாரும் கேட்டதில்லை. நடுவர் சம்பத் போன் செய்வார், தலைப்பைச் சொல்வார், "நீங்க அந்தப் பக்கம்மா" என்பார். அவள் "சரி சார்" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சேலையூர், மாடம்பாக்கம், கிழக்குத் தாம்பரம் வட்டாரத்தில் பட்டிமன்றம் என்றால் நோட்டீஸில் அவள் பெயர் கடைசியாக இருக்கும். அம்மன் கோவில் ஆடித் திருவிழாவானாலும் மாதா கோவில் திருவிழாவானாலும் அப்படித்தான். பட்டிமன்றத்தில் கடைசிப் பேச்சு என்பது ஒரு கௌரவம். அதுவரை தள்ளாடிக்கொண்டிருக்கும் அணியை அவள் தூக்கி நிறுத்திவிடுவாள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மருமகள் பக்கம் பேசி மாமியார்களிடம் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அடுத்த ஊரிலேயே மாமியார் பக்கம் பேசி மருமகள்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

மற்றவர்கள் பக்கம் கேட்டு வாங்குவார்கள். பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் கதிரேசன், "மனசாட்சிக்கு விரோதமா எனக்குப் பேச வராது சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எதிரணியில் எப்போதும் அவர்தான் தலைவர். "உங்க மனசாட்சிக்கு நல்ல தொண்டை சார்" என்று ஜெயசீலி மேடையிலேயே அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார்.

பேச்சு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டியன்று எதிரில் பேச வேண்டிய பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. போட்டியை ரத்து செய்ய மனமில்லாத கன்னியாஸ்திரி, "நீயே ரெண்டும் பேசு" என்றார். ஜெயசீலி மைக்குக்கு இடப்புறம் நின்று ஒரு பக்கம் பேசினாள். பிறகு வலப்புறம் நகர்ந்து, சற்று முன் பேசிய பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அவள் சொன்ன ஒவ்வொன்றையும் உடைத்துப் போட்டாள். அரங்கம் அதிர்ந்தது. பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா.

அப்பா ரயில்வே கார் ஷெட்டில் ஃபிட்டர். வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. பிற்பாடு குரோம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே மேனேஜர் சொன்னதுதான் முடிவு. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கும் ஆள் எங்கேயும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கருத்து என்பது அவளுக்கு மேடைப் புடவைபோல ஆகிவிட்டது. விழாவுக்கு எடுத்துக் கட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் மடித்து வைப்பாள். அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. தோற்றாலும் தோற்றது அவளல்ல, அவளுக்குக் கொடுத்த பக்கம்.

அம்மா போனபோது தம்பி பென்னி நான்காம் வகுப்பு. அப்பாவும் போனபின் அவனை ஆளாக்கியது அவள்தான். அவளுக்கும் வரன்கள் வந்தன, போயின. பென்னிக்குப் படிப்பு ஏறவில்லை, என்ஜின் ஏறியது. கோவளத்தில் படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் பட்டறையில் சேர்ந்தான். கையை வைத்துப் பார்த்தே கோளாறு சொல்வான் என்று பெயரெடுத்தான். அங்கே பழக்கமான குப்பன் என்ற மூத்த மீனவர் ஈரானுக்குப் போய் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்பவர். அவர்தான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "என்ஜினுக்கு ஒரு நல்ல ஆளு வோணும், வர்றியா?" என்று கேட்டு அவனையும் கூட்டிப்போனார். பென்னியின் மனைவி ஏஞ்சல் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் வரவேற்பில் வேலை பார்த்தாள். சேலையூரில் அப்பா கட்டிய வீட்டின் கீழ்ப்பகுதியில் ஏஞ்சலும், மாடியில் ஜெயசீலியும் இருந்தார்கள். சமையல் ஒன்றுதான்.

போன வருஷம் ஜூன் மாதம் ஈரான்மீது இஸ்ரேல் குண்டு வீச ஆரம்பித்த அன்று காலையில் ஏஞ்சல் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள். போனில் பென்னி கிடைக்கும்வரை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சாதாரணமாகப் பேசினான். குண்டு விழுவது ரொம்ப தூரத்தில், தாங்கள் இருப்பது தெற்குக் கரையில் ஒரு மூலை, லாஞ்ச் எல்லாம் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது, சமையல் செய்கிறோம், சீட்டாடுகிறோம் என்றான்.

அன்று சாயங்காலமே சம்பத் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றம். 'சுகம் தருவது சொந்த வீடா, வாடகை வீடா' என்று தலைப்பு வைத்து நோட்டீஸும் அடித்தாயிற்று.

"செகரட்டரி தலைப்பை மாத்தச் சொல்றார்மா. ஊரே டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கு, இப்பப் போய் வாடகை வீடான்னு கேட்டா எவன் வருவான்ங்கிறார். ஈரான்மீது தொடுத்த போர், காலத்தின் கட்டாயமா, சட்ட மீறலா. கதிரேசன் சட்ட மீறல். நீங்க காலத்தின் கட்டாயம்."

தம்பி எங்கே இருக்கிறான் என்பது சம்பத்துக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தை மாற்றிக் கேட்பது இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத காரியம்.

"சரி சார்" என்றாள்.

ஏஞ்சல் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "அண்ணி, இதுக்கு நீங்க போகத்தான் வேணுமா?"

"இது பட்டிமன்றம்டி. நான் பேசினா போர் நடக்கப்போகுதா, பேசாட்டி நிக்கப்போகுதா?"

"அதில்ல. அவர் தலைக்கு மேல ப்ளேன் போயிட்டிருக்கு. நீங்க இங்க நின்னு அது சரின்னு சொல்லுவீங்க. ஜனம் கைதட்டும்."

"கதிரேசன் தப்புன்னு சொல்லுவார். அதுக்கும் கைதட்டும்."

ஏஞ்சல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சோறு அப்படியே இருந்தது.

அந்த இரண்டு நாளும் ஜெயசீலி தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடித் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்கினால், தாக்கப்பட்ட நாடு தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது ஐ.நா. சாசனம். நாளை தாக்குவான் என்பதற்காக இன்று தாக்கலாமா? கூடவே கூடாது என்று ஒரு பெரிய கூட்டம் எழுதியிருந்தது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உடனடியாக விழப்போகிறது என்று காட்ட வேண்டும் என்றது இன்னொரு கூட்டம். உடனடி என்றால் எவ்வளவு உடனடி என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. சட்டம் கிடக்கட்டும், இது புத்திசாலித்தனமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். அணு ஆலைக் கட்டடத்தை இடிக்கலாம், கற்றுக்கொண்டதை இடிக்க முடியுமா? இடி வாங்கியவன் இதுவரை செய்யத் தயங்கியதை இனிமேல் தயங்காமல் செய்யமாட்டானா? அதற்குப் பதில் அவளிடம் இல்லை. அந்தக் கேள்வி பக்கமே போகாமல் பேச்சைத் தயார் செய்தாள். எங்கே போகக்கூடாது என்று தெரிவதும் இந்தக் கலையில் ஒரு பாகம்.

தேடியதில் ஒன்று கண்ணில் பட்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சர்வதேச ஒப்பந்தம். கரையோரம் மீன்பிடிக்கும் படகுகளைப் போரில் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்று அதில் இருந்தது. அதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கோ எந்தக் காலத்திலோ கோட்டும் தொப்பியும் போட்ட துரைமார்கள் கூடி உட்கார்ந்து பென்னியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதைப் பேச்சின் கடைசியில் சேர்த்தாள். பக்கத்துக்கு அது தேவைகூட இல்லை. முன்வரிசையில் ஏஞ்சல் உட்கார்ந்திருப்பாள், அவள் காதில் விழட்டும் என்றுதான்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பகுதியில் அதிகம். அவர்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கதிரேசன் அன்று நன்றாகவே பேசினார்.

"நடுவர் அவர்களே! பக்கத்து வீட்டுக்காரன் கத்தி வாங்கிட்டான்னு கேள்விப்படறேன். வாங்கினானா, வாங்கப்போறானா, அதுவே சரியா தெரியாது. உடனே அவன் வீட்டுக் கதவை உடைச்சுக்கிட்டுப் போய் அவனை வெட்டிடலாமா? கேட்டா, தற்காப்புன்னு சொல்றதா? இப்படி ஆளாளுக்குக் கிளம்பினா நம்ம கேம்ப் ரோட்டுல ஒரு வீடு மிஞ்சுமா சார்?"

மண்டபம் கைதட்டியது. கடைசியில் ஜெயசீலி எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதிரேசனைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதற்கே சிரிப்பு கிளம்பியது.

"பேராசிரியர் பாவம், நல்லவர். பக்கத்து வீட்டுக்காரன் கத்தி வாங்கினதோட கதையை நிறுத்திட்டார். அவன் தினமும் மொட்டை மாடியில நின்னு, 'உன் குடும்பத்தையே இல்லாம ஆக்குவேன்'னு கத்தறானே, அதை யார் சொல்றது? 'போலீஸுக்குப் போங்க'ம்பார். போனோம் நடுவர் அவர்களே! அந்த ஸ்டேஷன்ல அஞ்சு இன்ஸ்பெக்டர். அஞ்சு பேருல ஒருத்தர் 'வேணாம்'னு தலையாட்டினாலும் ஜீப் கிளம்பாது. அதுக்குப் பேரு பாதுகாப்பு சபை! ஜீப் வர்ற வரைக்கும் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கணுமா?"

மண்டபம் எழுந்து அடங்கியது. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"சட்ட மீறல், சட்ட மீறல்னு சொல்றாங்க. சட்டம் போருக்குள்ளயும் இருக்கு. கரையோரம் மீன்பிடிக்கிற ஏழைப் படகைத் தொடக்கூடாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே உலக நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கு. அந்தப் படகுல இருக்கறவன் ஒரு தாய்க்குப் பிள்ளை, ஒரு அக்காவுக்குத் தம்பி. அவன் மேல ஒரு துரும்பு படாது. அதுதான் சட்டம்!"

முன்வரிசையில் ஏஞ்சல் அழுதுகொண்டிருந்தாள். ஆறுதலில் அழுகிறாள் என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டாள்.

சம்பத் வழக்கம்போல இரண்டு அணியையும் தடவிக்கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமி, "காலத்தின் கட்டாயமே என்று தீர்ப்பளித்து..." என்று முடித்தார். சாம்பார் சாதப் பாத்திரங்களின் மூடிகள் திறந்தன.

சங்கத்துக்கு யூடியூப் சேனல் ஒன்று உண்டு. மறுநாளே வீடியோ ஏறிவிட்டது. சாயங்காலம் பென்னி கூப்பிட்டான். ஏஞ்சல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கலக்கிட்டக்கா! நாலு லாஞ்ச் ஆளுங்க ஒண்ணா குந்தினு பார்த்தோம். ஜீப்பு கிளம்பாதுன்னியே, அங்க குப்பன் அண்ணன் வுட்டாரு பாரு ஒரு விசிலு!"

ஜெயசீலிக்கு முகம் மலர்ந்தது. "சாப்பிட்டியாடா?"

"அதெல்லாம் ஆச்சு."

ஏஞ்சல் குறுக்கிட்டாள். "அந்தக் கடைக்கார சேட்டன் வேன் வெக்கறேன்னு சொன்னார்னு சொன்னீங்களே, என்ன ஆச்சு?"

துறைமுகத்துக்கு அருகே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு மலையாளி, இந்தியர்களைத் தூதரகத்துக்காரர்கள் சேர்த்துவைக்கும் உள்நாட்டு நகரத்துக்கு அழைத்துப்போக ஒரு வேன் பேசியிருந்தார். அது இரண்டு நாளாகத் தெரிந்த சேதிதான்.

"நாளைக்கு மத்தியானம் கெளம்புதாம். நாங்க போகல" என்றான் பென்னி.

"ஏன்?"

"அதான் அக்காவே சொல்லிடுச்சே. மீன்பிடிப் படகத் தொடக்கூடாதுன்னு சட்டம் கீதாம். ரோட்டுல ஒரு நாள் பூரா வேன்ல போறதுக்கு, இங்க லாஞ்ச்லயே இருந்துக்கலாம்னு பேசி முடிவு பண்ணிட்டோம். நடுவரும் தீர்ப்பு சொல்லிட்டாரு."

அவன் விளையாடுகிறான் என்றுதான் ஜெயசீலி முதலில் நினைத்தாள். பின்னால் இருந்து குப்பனின் குரல், "சட்டம் தெரிஞ்ச பொண்ணுபா உங்கக்கா" என்றது. அப்போதுதான் அவன் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"டேய், அது பட்டிமன்றம்டா!"

"அப்ப பொய்யா சொன்ன?"

"பொய் இல்ல."

"அப்ப சட்டம் இருக்குதானே?"

"இருக்கு... ஆனா சட்டம் இருந்தா எல்லாரும் அதுபடி நடப்பாங்களா?"

"நடக்கலைன்னா சட்ட மீறல். அதை அந்த வாத்தியார்தானே சொன்னாரு. அவரத்தான் நீ கவுத்துட்டியே!" அவன் சிரித்தான். "இப்ப எந்தப் பக்கம் பேசறக்கா?"

அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவன் அவள் பேச்சிலிருந்தே பதிலை எடுத்துப் போட்டான். வீடியோவை இரண்டு மூன்று தடவை பார்த்திருப்பான்போல. மேடையில் இத்தனை கெட்டியாக அவளை யாரும் மடக்கியதில்லை. கடைசியில் சிக்னல் விட்டு விட்டு வந்தது, போனது.

ஏஞ்சல் போனைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படகு விஷயத்தை எதுக்கு அண்ணி சேர்த்தீங்க? உங்க பக்கத்துக்கு அது வேண்டியதே இல்லையே."

"உனக்காகத்தான்" என்றாள் ஜெயசீலி. அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று உடனே தோன்றியது.

மறுநாள் காலையில் இருவரும் ஸ்கூட்டரில் மாடம்பாக்கத்துக்குப் போனார்கள். வேன் கிளம்புவதற்கு முன்னால் பென்னியைப் பிடிக்க வேண்டும். அவள் பேச்சை அவனே உடைத்துவிடுகிறான். நடுவர் சொன்னால் கேட்கலாம்.

சம்பத் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல். இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். விஷயத்தின் முதல் பாதியைக் கேட்டதும் முகம் பிரகாசமானது.

"நம்ம தீர்ப்பு கடல் கடந்து போயிருக்கா?"

மறு பாதியைக் கேட்டதும் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் தேங்காய்ப்பால் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, தம்பி அங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாடகை வீட்டையே பேசியிருப்போமே."

"சொல்லத் தோணல சார்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"தீர்ப்பை வாபஸ் வாங்கணும்" என்றாள் ஏஞ்சல்.

போன் ஐந்தாறு தடவை கிடைக்காமல் ஏழாவது தடவை கிடைத்தது. பென்னி எடுத்தான். நடுவர் பேசுகிறார் என்றதும் அங்கே ஒரே சலசலப்பு. போன் குப்பன் கைக்குப் போனது.

"நடுவர் அய்யாவா? வணக்கம்யா. சூப்பரா தீர்ப்பு சொன்னீங்கோ."

"தம்பி, அதைப் பத்தித்தான்... நான் டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இருந்தவன். எனக்கும் உலக கோர்ட்டுக்கும் சம்பந்தம் கிடையாது."

"தெரியும்யா. ஆனா ரெண்டு பக்கமும் கேட்டுத்தானே சொன்னீங்கோ?"

சம்பத் ஜெயசீலியைப் பார்த்தார். பிறகு ஏஞ்சலைப் பார்த்தார்.

"கேட்டேன். ஆனா அதை வெச்சு சொல்லல. எந்தப் பக்கத்துக்குக் கைதட்டு ஜாஸ்தின்னு பார்த்துக்கிட்டேன். அதுக்குள்ள செகரட்டரி சாதம் ஆறிப்போகுதுன்னு சைகை காட்டினார். சொல்லி முடிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் சிரித்தார்கள்.

"சோத்துக்காகவா தீர்ப்பு! அடப் பேஜாரே!" என்றார் குப்பன். சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியிருந்தது. "அய்யா, நாங்க இங்க பயந்துகினுதான் கீறோம். போறதும் பயம், இருக்கறதும் பயம். யாராவது தெரிஞ்சவங்க ஒண்ணு சொன்னா புடிச்சிக்கலாம்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு சொல்லுச்சு, புடிச்சிகினோம். இப்ப அதுவும் இல்லன்னா எப்படி? சரி, அது இருக்குதா பக்கத்துல? கெளம்பணும்னு பேசச் சொல்லுங்க. அன்னிக்குப் பேசின மாதிரி பேசட்டும். கேட்டுட்டு முடிவு பண்றோம்."

சம்பத் போனை ஜெயசீலியிடம் நீட்டினார். "பேசும்மா" என்று கிசுகிசுத்தார். "சின்னதா ஒரு கதையில ஆரம்பி."

கதை தயாராக இருந்தது. அவளுக்கு எப்போதும் தயாராக இருக்கும். எங்கே நிறுத்தினால் அவர்கள் சிரிப்பார்கள், எங்கே குரலைத் தாழ்த்தினால் குப்பனின் மனசு இளகும், எல்லாம் தெரிந்தது. எல்லோரையும் வேனில் ஏற்றிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"அக்கா" என்றான் பென்னி. போனை அவன் வாங்கிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. இது உனக்குக் குடுத்த பக்கமா, உன் பக்கமா?"

தயாராக இருந்த கதை எங்கே போனதென்று தெரியவில்லை.

"பென்னி" என்றாள். "நீ... அந்த ஒப்பந்தம் இருக்கே, அதுல படகைப் பிடிச்சிட்டுப் போகக்கூடாதுன்னுதான் இருக்கு. மேல இருந்து விழறதைப் பத்தி இல்ல. அப்ப ப்ளேனே அவ்வளவா கிடையாது. அப்புறம் உங்க லாஞ்ச் சின்னப் படகும் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டுட்டேன். ஏஞ்சலுக்கு... இல்ல, எனக்கே அது நல்லா இருந்துச்சு கேக்க. ரோடு ஆபத்தா, தெரியல. அதுவும் ஆபத்தாத்தான் இருக்கும். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல பென்னி. நீ இங்க வந்துடு. அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு. வந்துடு."

அவள் பேசிய பேச்சிலேயே மோசமான பேச்சு அது. தொடக்கம் இல்லை, முடிவு இல்லை, நடுவில் எதிரணிக்குத் தேவையான பாயிண்டை எல்லாம் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். சம்பத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா பென்னி?"

ஏஞ்சல் போனை வாங்கிப் பார்த்தாள். அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது. எந்த இடத்தில் அறுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். கிடைக்கவில்லை. அன்றும் மறுநாளும் கிடைக்கவில்லை. பிறகு ஈரானில் இன்டர்நெட்டே நின்றுபோனது என்று டிவியில் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஏஞ்சல் அவளிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "குழம்பு சூடு பண்ணட்டுமா அண்ணி?" என்றாள். "துணி எடுத்து வெச்சிட்டேன்" என்றாள். வேறு பேச்சில்லை. டிவியில் நாலு சதுரத்தில் நாலு பேர் உட்கார்ந்து, சட்டப்படி சரியா, தவறா, இதனால் என்ன லாபம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி முன்பெல்லாம் அந்த மாதிரி விவாதத்தை யார் எந்த இடத்தில் சறுக்குகிறார் என்று பார்ப்பதற்காகவே பார்ப்பாள். இப்போதும் பார்த்தாள். ஒருவர்கூட 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லவில்லை.

அலுவலகம் முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கதிரேசன் பைக்கை நிறுத்தினார். விஷயத்தை அவருக்குச் சம்பத் சொல்லியிருந்தார்.

"மேடம், தம்பிகிட்ட இருந்து ஏதாவது...?"

"இல்ல சார்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நானும் கைதட்டுக்குத்தான் பேசினேன் மேடம். என்ன, எனக்குப் பிடிச்ச பக்கமா அமைஞ்சுபோச்சு" என்றார். அவள் பஸ் வரும்வரை உடன் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஏஞ்சலுக்குப் போன் வந்தது. கம்பெனி வரவேற்பிலேயே அவள் அழுதுவிட்டாள். பென்னியும் இன்னும் சிலரும் வேனில் ஏறியிருந்தார்கள். வழியில் எங்கெங்கோ நிறுத்தி, ஏதோ ஒரு விடுதிக் கூடத்தில் தங்கி, விமானத்துக்குக் காத்திருந்தார்கள். குப்பனும் இன்னொருவரும் வரவில்லை. லாஞ்சை விட்டு வர மனமில்லை என்று இருந்துவிட்டார்கள்.

பென்னி வந்து சேரும் முன்பே சண்டை நின்றுவிட்டது. அந்தத் துறைமுகத்தின் பக்கம் கடைசிவரை ஒன்றும் விழவில்லை. நெட் திரும்பி வந்ததும் குப்பனிடமிருந்து பென்னிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சாப்பிடும்போது வீட்டில் எல்லோரும் கேட்கும்படி போட்டான்.

"டேய், நாங்க ஜம்முனு கீறோம். நீங்கதான் வேன்ல குலுங்கிக் குலுங்கி இடுப்பொடிஞ்சு போனீங்கோ. உங்கக்கா மொத தபா பேசினதுதான் கரீக்ட்டு! ரெண்டாவது தபா பேசினது சுத்த பேஜாரு. கேட்டேன்னு சொல்லு."

ஏஞ்சல் ஜெயசீலியின் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க அண்ணி?"

"பதில் எதுக்கு? அவர் நல்லா இருக்கார். அது போதும்" என்றாள் ஜெயசீலி.

பென்னி மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கறுத்துப் போயிருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது. "போன் எப்ப கட் ஆச்சு தெரியுமா? 'தெரியல பென்னி'ன்னியே, அங்க. 'வந்துடு'ன்னது கேக்கல. குப்பன் அண்ணன் சொன்னாரு, உங்கக்காவுக்கே தெரியலையாம்டா, அப்ப நெஜமாவே பெரிய ஆபத்துதான் போலன்னு. நான் பையை எடுத்துக்கினு ஏறிட்டேன். அவரு ஏறல."

பென்னி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

"சரி, இப்ப சொல்லு" என்றான் அவன். "அந்தச் சண்டை சரியா, தப்பா? நடுவர் இல்ல, கதிரேசன் இல்ல. நீ என்ன நினைக்கிற?"

அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. ஜெயசீலி தண்ணீரை எடுத்துக் குடித்தாள். சாசனம், தற்காப்பு, உடனடி ஆபத்து, ஐந்து இன்ஸ்பெக்டர்கள், இடிக்க முடியாத அறிவு, எல்லாம் மனசுக்குள் ஒருமுறை வந்துபோயின.

"தப்புன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். "ஆனா நிஜமாவே தப்புங்கறதால அப்படி நினைக்கிறேனா, நீ அங்க இருந்ததால நினைக்கிறேனான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்தப் பக்கம் இஸ்ரேல்லயும் ஒரு அக்கா கட்டிலுக்கு அடியில பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்திருப்பா. அவகிட்ட கேட்டா வேற சொல்லுவா. அவளை நான் எப்படி மடக்குவேன்?"

பென்னி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதைப் போய் மேடையில சொன்னா ஒருத்தன் கைதட்ட மாட்டான்கா."

"மாட்டான்" என்றாள் ஜெயசீலி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏஞ்சல் எழுந்து, கேட்காமலேயே அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.